அப்பா பேர்ல ஒரு சென்செய்

நான் உங்க சீனியர், ட்ரிபிள்ஈ. வைவாவில் பதில் தெரிஞ்சும் வாய் திறக்காமல் நின்ன பார்ட்டி. இண்டக்‌ஷன் மோட்டார் பத்தி தமிழில் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். எக்ஸ்டர்னல் இங்கிலீஷ்ல கேட்டார். "சார்... சார்..." என்று ரெண்டு தடவை சொன்னதோடு சரி. ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச லட்சணம் அது. அப்படிப்பட்ட நான் இப்போ ஜப்பானில் இங்கிலீஷ் வாத்தியார். சிரிச்சு முடிச்சாச்சா? சரி, கதைக்கு வருவோம்.

படிப்பு முடிஞ்சதும் ரெண்டு வருஷம் ஒரு கம்பெனியில் இருந்தேன். தினமும் வெளிநாட்டு கஸ்டமர்களோடு போனில் பேசிப் பேசி வாய்ப்பூட்டு கொஞ்சம் கழன்றது. அப்போதான் ஜெட் திட்டம் பற்றித் தெரிந்தது. ஜப்பான் அரசு 1987ல் ஆரம்பித்தது. வெளிநாட்டு இளைஞர்களை அங்குள்ள பள்ளிகளுக்கு உதவி மொழி ஆசிரியராக அழைத்துப் போகிறார்கள். எந்த டிகிரியாக இருந்தாலும் சரி. ஒரு வருஷ ஒப்பந்தம், அதிகபட்சம் அஞ்சு வருஷம் வரை நீட்டிக்கலாம். அப்பாவிடம் சொன்னேன். "இன்ஜினியரிங் படிச்சிட்டு வாத்தியார் வேலைக்கா, அதுவும் இங்கிலீஷுக்கா?" என்று கேட்டுவிட்டு லேத் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். ரெண்டு நாள் பேசவில்லை. மூணாவது நாள் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

எனக்குக் கிடைத்த ஊர் ஷிமானே மாகாணத்தில், ஜப்பான் கடல் ஓரம். ஆகஸ்ட்டில் போய் இறங்கினால் பள்ளிக்கு கோடை விடுமுறை! ஆசிரியர் அறையில் ஒரு மேஜை, ஒரு ஃபேன், நான். வீட்டு விலாசத்தை 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதியணும். அதை முடிச்சு, பேங்க் கணக்கு, போன் கனெக்‌ஷன் என்று ஒவ்வொன்றாக அலைந்தேன். குப்பைதான் பெரிய பரீட்சை. எரிக்கிற குப்பை, பிளாஸ்டிக், பாட்டில் என்று தனித்தனிப் பை, ஒவ்வொன்றுக்கும் தனி நாள். முதல் வாரம் என் பையை மட்டும் எடுக்காமல், மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விட்டுப் போயிருந்தார்கள். தெரு முழுக்க என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

இன்னொரு கூத்து, பேர். நமக்கு ஏது குடும்பப் பேர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பேர்தான் இருக்கும். ஜப்பானில் குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் ஹெட்மாஸ்டர் முதல் ஏழாம் வகுப்புப் பொடிசுகள் வரை எல்லாரும் என்னை அப்பா பேரோடு 'சென்செய்' சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். சென்செய் என்றால் ஆசிரியர். எங்கப்பா எட்டாவதோடு படிப்பை விட்டவர்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. முதல் வாரமே ஒரு பெண் என்கூட இருந்த ஜப்பானிய டீச்சரிடம் ஏதோ கேட்டாள். அவர் முகம் மாறியது. சாயந்தரம் நான் விடாமல் கேட்டதும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்தியர்கிட்ட கத்துக்கிற இங்கிலீஷ் சரியா இருக்குமான்னு கேட்டாள்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஏன்னா விமானம் ஏறியதிலிருந்து என் மனசில் இருந்த கேள்வியும் அதுதான். அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று 'வெஸ்ட்' என்ற ரெண்டு வார்த்தையையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். ஒன்று உடுப்பு, இன்னொன்று மேற்கு. நம்ம வாயில் ரெண்டும் ஒண்ணுதானே! மறுநாளிலிருந்து வகுப்பில் புத்தகத்தில் இருப்பதைத் தவிர ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. தப்பு வந்துவிடுமோ என்ற பயம். அதாவது, மறுபடியும் வைவா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்சுயே நகரத்துக்குப் போனேன். அங்கே கோட்டை அகழிக்குப் பக்கத்தில் லஃப்காடியோ ஹெர்ன் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1890ல் இதே ஷிமானேவுக்கு இங்கிலீஷ் வாத்தியாராக வந்தவர். பிறந்தது கிரேக்கத் தீவில், அம்மா கிரேக்கர், அப்பா ஐரிஷ்காரர். குளிர் தாங்காமல் 1891லேயே குமாமோட்டோவுக்கு மாறிப் போய்விட்டார். ஆனாலும் ஊர் இன்னும் அவரைக் கொண்டாடுகிறது. அவர் இங்கத்திய மனைவியிடமும் மக்களிடமும் கதை கேட்டு எழுதினவர். சொல்லிக்கொடுக்க வந்த மனுஷன் கத்துக்கொண்டும் இருந்திருக்கிறார். பஸ்ஸில் திரும்பும்போது அதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு மாணவி தன் நாய்க்குட்டி போட்டோவைக் காட்டினாள். தைரியமாக ஜப்பானிய மொழியில் 'அழகு' என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். அழகுக்கு 'கவாயீ'. நான் சொன்னது 'கொவாய்'. பயங்கரம் என்று அர்த்தம்! ஒரு நொடி அமைதி. அப்புறம் வகுப்பே உருண்டு சிரித்தது. அப்போ கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "சென்செய், கொவாய், நோ! கவாயீ!" அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காத பையன் அவன்.

அன்றிலிருந்து ஒரு ஒப்பந்தம். வகுப்பில் அஞ்சு நிமிஷம் நான் ஜப்பானிய மொழியில் பேசுவேன், அவர்கள் திருத்துவார்கள். மீதி நேரம் அவர்கள் இங்கிலீஷில் தப்பாகவே பேசலாம். உண்மையில் ஜப்பானிய மொழி நமக்கு அவ்வளவு கஷ்டமில்லை. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதை வார்த்தை வரிசை மாறாமல் அப்படியே சொல்லலாம். நம்ம 'க்கு' இருக்கிற இடத்தில் அவர்கள் 'நி' போடுவார்கள். நாம பஸ்ஸை 'பஸ்ஸு' என்போம், அவர்கள் 'பாசு' என்பார்கள். அவங்க உச்சரிப்பைப் பார்த்து நான் எப்படிச் சிரிப்பேன்?

இங்கே பள்ளியைப் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கணும், ஆசிரியர்களும் கூடச் சேர்வார்கள். டிசம்பரில் ஒருநாள் அந்தப் பையனும் நானும் ஒரே தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அவனே ஆரம்பித்தான். "மை ஃபாதர்... நைட்... ஸ்க்விட்." கணவாய் பிடிக்கிற அப்பா. அப்புறம், "யுவர் ஃபாதர்?" லேத்துக்கு ஜப்பானிய வார்த்தை தெரியவில்லை. துடைப்பத்தைச் சுற்றி இரும்பு சீவுகிற மாதிரி நடித்துக் காட்டினேன். பிறகு நெஞ்சில் கை வைத்து, நீ தினமும் என்னைக் கூப்பிடுற பேர் அவரோடதுதான் என்று பாதி அந்த மொழி, பாதி இந்த மொழியில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவன், "குட் நேம்" என்றான்.

வைவாவுக்குப் பயந்து ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிற ஜூனியரே, உனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன். தப்பாகவாவது வாயைத் திற. திருத்துவதற்கு யாராவது எழுந்து நிற்பாங்க. வாயைத் திறக்காதவனை யாராலும் திருத்த முடியாது.

அன்று ராத்திரி வெளியே பனி. மண்ணெண்ணெய் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம் அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, அந்தப் பையனோட அப்பாவுக்கு இந்தக் குளிர்ல ராத்திரி கடல்ல வேலை சரியா இருக்குதாமா? நான் விசாரிச்சேன்னு சொல்லு."