தேவாங்கின் வழி

திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

அடையாற்று முகத்துவாரத்தில் தொல்காப்பியப் பூங்காவைச் சுற்றிப் பார்த்ததை விவரித்து, அத்தகைய ஆற்றோரக் காடு எங்கள் பக்கத்தில் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். கீழ்ப் பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தில் தங்கி, வேடசந்தூர் வழியாக அமராவதியைச் சென்று சேரும் குடகனாற்றுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. நான் நடந்த கரைகளில் சீமைக் கருவேலமே மண்டிக் கிடந்தது. ஆனால் ஆற்றுக்குக் கிட்டாத ரட்சணை கிழக்கேயுள்ள குன்றுகளுக்குக் கிட்டியிருக்கிறது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ள காப்புக்காடுகளை, 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே நம் தேசத்தில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இதுதான்.

அதைக் காண ஒருநாள் புறப்பட்டோம். திருச்சி சாலையில் அய்யலூரில், வண்டிக் கருப்பணசாமியை வணங்காமல் எந்த ஓட்டுநரும் தாண்டுவதில்லை; நாங்களும் வணங்கிவிட்டு, இருட்டிய பின் வனக்காவலர் ஒருவருடன் மலையடிவாரத்துக்குத் திரும்பினோம். சிவப்புக் காகிதம் ஒட்டிய கைவிளக்கை அவர் உசிலை மரங்களின் மேல் மெல்ல ஓட்டிக்கொண்டு வர, ஓரிடத்தில் இரண்டு கண்கள் கனல்போல் ஒளிர்ந்தன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவது போன்ற அந்தப் பிராணி, குச்சி போன்ற கையை நீட்டி அடுத்த கிளையைப் பற்றி, பிடி உறுதியான பிறகே பின்காலை விடுவித்து, சற்றும் அவசரமின்றி நகர்ந்தது. ஒரு வண்டின் அருகே வந்ததும் மட்டும் அதன் கைகள் மின்னல் வேகத்தில் பாய்ந்தன. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளும் அதற்கு ஆகாரமாதலால், உழவனுக்கு அது செய்யும் உபகாரம் சாமானியமானதன்று. அப்படிப்பட்ட ஜீவனை, மருந்துக்காகவும் மாந்திரீகத்துக்காகவும் பிடித்து வதைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்க நெஞ்சு பதறுகிறது.

குரங்கைப்போல் தாவுவது தேவாங்கின் சுபாவமன்று. கிளையோடு கிளை கோத்திருந்தால் இரவெல்லாம் சஞ்சரிக்கும்; கோப்பு அறுந்த இடத்தில் தரையில் இறங்கி நாய்க்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகும் அபாயத்தை மேற்கொள்ள வேண்டும். காப்புக்காடுகளோ ஒரே பரப்பாக இல்லாமல் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அவற்றை இணைப்பவை, நம் முன்னோர் காட்டோரங்களில் வளர்த்துவைத்த கிளுவை வேலிகளும், வரப்போரத்து உசிலைகளும், ஓடைக்கரை மரங்களுமே. அந்த வேலிகளைப் பிடுங்கிவிட்டுக் கல்தூணும் முள்கம்பியும் நடுவது இப்போது வழக்கமாகி வருவதைக் கண்டேன். சரணாலயத்தின் எல்லைக்கல்லுக்கு உள்ளே வனச்சட்டம் காவல் நிற்கிறது. வெளியே உயிர்வேலியைக் காக்கும் குடியானவனுக்கு அரசு ஏதேனும் மானியம் அளித்தாலொழிய அந்த வழி நிலைக்காது என்பது என் உறுதியான அபிப்பிராயம். குடகனாற்றின் கரைகளிலும் கருவேலத்தை அகற்றி, மருதும் புங்கமும் வைத்தால், ஆறே அத்தகைய வழியாகிவிடும் அல்லவா? இதை ஒரு மனுவாக எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப எண்ணியிருக்கிறேன். அடையாற்றுப் பூங்காவை நேரில் கண்டவராகிய தாங்கள், அங்கே கரையை எவ்வாறு சீர்செய்தார்கள், எந்தெந்த மரங்களை நட்டார்கள் என்ற விவரங்களை எழுதி அனுப்பினால் பெரிதும் உதவியாயிருக்கும்.

தங்கள் அன்பு நண்பன்