2048 பைட்டுகள்

சென்ற மாதம் காலமான நண்பரின் அந்தியேட்டியன்று நினைவுமலர் ஒன்று வெளியிட வேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் விரும்பினர். நீண்டகாலம் என்னோடு ஒரே மேசையில் இருந்து செய்தி எழுதியவர் அவர். தாம் எழுதிய எதையும் சேர்த்து வைக்காதவர். ஆகவே அவருடைய கட்டுரைகளைத் தேடி எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 31 ஆம் நாளுக்கு இன்னும் 18 நாட்களே இருந்தன.

தேடுவதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட நூலகம் திட்டம், ஈழத்துப் பத்திரிகைகள் பலவற்றை மின்வருடி இணையத்தில் வைத்திருக்கிறது. சிக்கல் என்னுடைய மடிக்கணினியில் இருந்தது. அது 2006 ஆம் ஆண்டு வெளிவந்த திங்க்பாட் ரி60. அதன் விசைப்பலகைக்காகவே அதைக் கைவிட மனம் வரவில்லை. பத்திரிகைப் பக்கம் ஒன்றைத் திறந்து, என் கண்ணுக்கு ஏற்றவாறு பெருப்பித்து, கீழே நகர்த்தினால் பக்கம் துண்டு துண்டாக வரும், விசிறி இரையும், சுட்டி எங்கே நிற்கிறது என்பது சற்று நேரம் கழித்தே தெரியும். ஒரு மாலை முழுவதும் இருந்து 4 இதழ்களையே பார்த்து முடித்தேன்.

ரொறொன்ரோவில் இருக்கும் மருமகனிடம் முறையிட்டேன். "மாமா, அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு புதுசொண்டு வாங்குங்கோவன்" என்றான். இங்குள்ள விலை அவனுக்குத் தெரியாது. ஆயினும் தொலைபேசியை வைக்கும் முன் ஒன்று சொன்னான்: "எதுக்கும், அதில படம் கீறுறது ஆர் எண்டு ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். முனையத்தில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கட்டளையை இட்டால், திரையை வரைபவர் யார் என்பதை ஒரு வரி சொல்லிவிடும். என் கணினியில் உள்ள வரைகலைச் சில்லு ஏரிஐ மொபிலிட்டி றேடியன் எக்ஸ்1400. அவ்வரியில் அதன் உட்பெயரான ஆர்வி515 இருந்திருக்க வேண்டும். இருந்ததோ எல்எல்விஎம்பைப். அதாவது, வரைகலைச் சில்லு சும்மா இருக்க, அதன் வேலையையும் மையச் செயலியே மென்பொருள் கொண்டு செய்துகொண்டிருந்தது. ஆசிரியரையே அச்சுக்கோக்க விட்ட கதை. ஆசிரியர் கோத்தாலும் பத்திரிகை வரும்தான். மறுநாள் மாலையில் வரும்.

பழைய சில்லு என்பதால் ஆதரவை நிறுத்திவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஏஎம்டி நிறுவனம் தனது சொந்த இயக்கியில் இச்சில்லுக்கான ஆதரவை 2009 இல் நிறுத்தியது உண்மை. ஆனால் அதற்கு முன்னரே, 2007 இலிருந்து, சில்லுகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கியிருந்தது. அவற்றின் துணையோடு வளர்ந்த திறமூல இயக்கி இன்றும் உயிரோடு இருக்கிறது. 2022 இல் மேசா திட்டம் மிகப் பழைய இயக்கிகளைத் தனிக்கிளைக்கு ஒதுக்கியபோதும், எனக்குரிய ஆர்300 இயக்கி தப்பிவிட்டது.

பிறகு, கணினி தொடங்கும்போது கேர்னல் எழுதிவைக்கும் குறிப்புகளைப் படித்தேன். அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். சில்லுக்கு வேண்டிய ஃபேர்ம்வெயர் கோப்பை ஏற்ற முடியவில்லை, ஆகவே வரைகலை முடுக்கத்தை நிறுத்துகிறேன் என்று ஒவ்வொரு நாளும் அது எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

குற்றம் என்னுடையதே. 2021 இல் டெபியன் 11 ஐ நிறுவியபோது, மூலநிரல் இல்லாத எதுவும் என் கணினிக்குள் வரக்கூடாது என்ற வைராக்கியத்தில் இருந்தேன். 2022 இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி, இத்தகைய ஃபேர்ம்வெயரையும் நிறுவல் வட்டில் சேர்க்க முடிவுசெய்தனர். 2023 இல் வந்த டெபியன் 12 இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. நானோ புதிதாக நிறுவாமல், 11 இலிருந்து 12 க்கு மேம்படுத்தியவன். எனவே பொதிகள் எங்கிருந்து வரவேண்டும் என்று கூறும் பட்டியலில் மெயின் என்ற ஒற்றைச் சொல்லே நின்றது.

அதன் அருகே நான்-ஃப்ரீ-ஃபேர்ம்வெயர் என்று சேர்க்க ஒரு நாள் தயங்கினேன். சிரிக்காதீர்கள். மூடிய கதவுகளுக்கு எதிராக ஆயுள் முழுவதும் எழுதியவனுக்கு, திறந்து பார்க்க முடியாத ஒன்றை வீட்டுக்குள் விடுவது எளிதன்று. ஆனால் மருமகன் சொன்னபடி புதுக் கணினி வாங்கினால், இதைவிடப் பன்மடங்கு மூடிய நிரல்கள் அதற்குள் இருக்கும். நாட்களும் 16 ஆகிவிட்டன.

சேர்த்தேன். ஏஎம்டி வரைகலைக்குரிய ஃபேர்ம்வெயர் பொதியை நிறுவிக் கணினியை மீளத் தொடக்கினேன். அந்த வரியில் ஆர்வி515 வந்து நின்றது. பொதி பெரிது, என் சில்லுக்கு வேண்டிய கோப்போ வெறும் 2048 பைட்டுகள். யூரிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள் வேண்டும். ஆக, 682 குறிகள். எங்கள் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் ஒன்றில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் வருமுன்னரே இடம் முடிந்துவிடும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். உயர்தர வீடியோ இன்னமும் திணறுகிறது. பெரிய பிடிஎஃப் பக்கம் முதலில் திறப்பதற்கு மையச் செயலிதான் உழைக்க வேண்டும்; ஆனால் இப்போது அதற்குக் கை ஒழிந்திருக்கிறது. பக்கம் வழுக்கிக்கொண்டு நகர்கிறது. அன்றிரவே 30 இதழ்களைப் பார்த்தேன்.

மலருக்கு 14 கட்டுரைகள் கிடைத்தன. அவற்றோடு, தான் ஒருபோதும் எழுதியதில்லை என்று அவர் கடைசிவரை சாதித்த ஒரு சிறுகதையும் அவருடைய சொந்தப் பெயரிலேயே அகப்பட்டது. அதையும் சேர்த்துத்தான் அச்சகத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.