முப்பது சீட்டு

போக்கிமான் ஆட ஆளுக்கு 60 சீட்டு வேணும். அடிப்படை எனர்ஜி தவிர ஒரே பெயரில் 4 வரைக்கும் வைக்கலாம். நம்ம பையனிடம் அத்தனையும் உண்டு. கீழ்வீட்டு மராத்திப் பையனிடம் எனர்ஜியோடு சேர்த்தே 35தான். தினமும் தோற்று, வருவதையே நிறுத்திவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டு, புதுசாகச் சட்டம் போட்டோம். 30 சீட்டு. எனர்ஜி தவிர எதிலும் ஒன்றே ஒன்று. பரிசுச் சீட்டு 6க்குப் பதில் 3. முதல் ஆட்டம் முடிந்ததும் கட்டை மாற்றிக்கொண்டு இன்னொரு ஆட்டம். இந்தக் கடைசிச் சட்டம் என்னுடையது. பேங்க்காரன் புத்தி, இரண்டு பக்கமும் டேலி ஆகணுமே!

மாற்றும்போது நம்மாள் மியூட்டூவை மெல்ல உருவித் தொடைக்கடியில் ஒளித்தான். பார்த்துவிட்டேன். அப்பன் ஆச்சே, வாய் வரவில்லை.

"அங்கிள், இதுல 29தான் இருக்கு" என்றான் அந்தப் பையன், இந்தியில்.

மியூட்டூ வெளியே வந்தது. இப்போது தினமும் வருகிறான். கட்டை எண்ணித்தான் வாங்குகிறான்.