மலிவுக் கட்டண விமானத்தில் ஓட்டும் சூட்கேஸ்: ஒரு பயண வாரத்தின் குறிப்புகள்

திங்கள்: பெட்டி

ஓட்டும் சூட்கேஸ் என்பது மோட்டாரும் லித்தியம் அயனி பேட்டரியும் பொருத்திய பயணப்பெட்டி. மூடியின் மேல் உட்கார்ந்து, கைப்பிடியை நீட்டி, பொத்தானை அழுத்தினால் நகரும். சீனாவின் ஹூனான் மாகாணத்து விவசாயி ஹே லியாங்சாய் தானே செய்த மோட்டார் சூட்கேஸ் 2014இல் உலகச் செய்தியானது. 2016இல் அமெரிக்காவின் மோடோபேக் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. இன்று பரவலாகக் கிடைப்பவற்றுள் ஒன்று சீனத் தயாரிப்பான ஏர்வீல் எஸ்ஈ3எஸ். இவை மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும்.

இந்தப் பெட்டியை விமானத்தில் கொண்டுபோக இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று எடை, மற்றொன்று பேட்டரி. கோலாலம்பூரிலிருந்து ஒசாகாவுக்கு மலிவுக் கட்டண விமானத்தில் போகும் பயணத்தை எடுத்துக்கொண்டால் இரண்டும் எங்கெங்கே குறுக்கிடும் என்பது நாள்வாரியாகத் தெளிவாகும்.

செவ்வாய்: சீட்டு வாங்குமுன்

மலிவுக் கட்டணத்தில் இருக்கைக்கு மட்டுமே விலை. பெட்டிக்குத் தனிக் கணக்கு. ஏர்ஏசியாவில் இலவசமாகக் கையில் கொண்டுபோகக்கூடியவை இரண்டு உருப்படிகள். அவற்றின் மொத்த எடை 7 கிலோவைத் தாண்டக் கூடாது. பெரிய உருப்படியின் அளவு 56 × 36 × 23 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். இண்டிகோவிலும் கைப்பெட்டிக்கு 7 கிலோதான். ஸ்கூட் 10 கிலோ வரை அனுமதிக்கிறது.

ஓட்டும் சூட்கேஸோ காலியாக இருக்கும்போதே பெரும்பாலும் 8 முதல் 10 கிலோ வரை இருக்கும். மோடோபேக்கின் எடை சுமார் 8.6 கிலோ. ஒரு சட்டைகூட வைக்காத நிலையிலேயே 7 கிலோ வரம்பு தாண்டிவிடுகிறது. ஆகவே இத்தகைய விமானங்களில் இதைக் கைப்பெட்டியாகக் கருதித் திட்டமிடுவது பயன் தராது. சீட்டு வாங்கும்போதே செக்-இன் லக்கேஜுக்கும் பணம் கட்டிவிடுவதே சரி. அதே எடையை விமான நிலையக் கவுன்ட்டரில் வாங்கினால் கட்டணம் கூடுதல்.

பணம் கட்டுமுன் இன்னொரு விஷயத்தையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஹோவர்போர்டு போன்ற லித்தியம் பேட்டரி வாகனங்களைப் பல விமான நிறுவனங்கள் 2015 இறுதியிலிருந்து ஏற்பதில்லை. ஓட்டும் சூட்கேஸைப் பெட்டி என்று கொள்வதா, வாகனம் என்று கொள்வதா என்பது அந்தந்த நிறுவனத்தின் முடிவு. வாகனம் என்று கொண்டால், பேட்டரியைக் கழற்றினாலும் ஏற்க மாட்டார்கள். பெட்டியின் மாதிரியையும் பேட்டரி அளவையும் குறிப்பிட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கி, அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

புதன்: பேட்டரிக் கணக்கு

விமான விதிகள் பேட்டரியை வாட்-மணியில் அளக்கின்றன. பேட்டரியின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் அச்சாகியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். எஸ்ஈ3எஸ் பேட்டரியில் 22.2 வோல்ட், 3.3 ஆம்பியர்-மணி, பெருக்கினால் 73.26 வாட்-மணி. மில்லிஆம்பியர்-மணி என்று மட்டும் போட்டிருந்தால் முதலில் 1000ஆல் வகுக்க வேண்டும்.

பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி 100 வாட்-மணி வரையுள்ள பேட்டரிக்கு நிறுவனத்தின் முன் அனுமதி தேவையில்லை. 100க்கு மேல் 160 வரை இருந்தால் அனுமதி வாங்க வேண்டும். 160ஐத் தாண்டியதைப் பயணி கொண்டுபோகவே முடியாது. மருத்துவக் காரணத்துக்காகப் பயன்படும் மின் சக்கர நாற்காலிக்கு இதைவிடத் தாராளமான தனி விதி உண்டு. ஓட்டும் சூட்கேஸ் அதில் சேராது. நடக்க முடியாதவர்கள் இந்தப் பெட்டியை நம்பிக் கிளம்பாமல், சீட்டு வாங்கும்போதே நிறுவனத்திடம் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவுசெய்வதே பாதுகாப்பானது.

அளவைவிட முக்கியமானது பேட்டரி கழலுமா என்பது. 2.7 வாட்-மணிக்கு மேற்பட்ட, கழற்ற முடியாத லித்தியம் அயனி பேட்டரி உள்ள பெட்டியை விமானத்தில் எங்கும் வைக்க இடமில்லை. அமெரிக்கன், டெல்டா, அலாஸ்கா ஆகிய நிறுவனங்கள் 2018 ஜனவரி 15 முதல் இந்தக் கண்டிப்பைக் கொண்டுவந்தன. கழற்ற முடியாத பேட்டரியுடன் பெட்டிகளை விற்றுவந்த புளூஸ்மார்ட் நிறுவனம் அந்த ஆண்டே மூடப்பட்டது. கடையில் வாங்கும்போதே, கருவி ஏதுமின்றிக் கையாலேயே பேட்டரியைக் கழற்றிப் பார்த்து வாங்க வேண்டும்.

வியாழன் இரவு: பெட்டி கட்டுதல்

பேட்டரியை வெளியே எடுத்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்ட வேண்டும். கழற்றிய பேட்டரியின் உலோக முனைகள் சாவியிலோ நாணயத்திலோ பட்டால் மின்குறுக்கு ஏற்படும். முனைகள்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, தனி உறையில் போட்டு, கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வாட்-மணி அச்சான பக்கத்தை டேப் மறைக்கக் கூடாது. அலுவலர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். உப்பிய, நசுங்கிய, சூடாகும் பேட்டரியை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

கைப்பிடியை மடக்கிப் பூட்டி, விசையை அணைத்து, பெட்டியை எடை பார்க்க வேண்டும். மோட்டாரும் சட்டகமும் எடுத்துக்கொள்ளும் 8, 9 கிலோ போக மீதி எடைதான் துணிக்கு. 20 கிலோ வாங்கியிருந்தால் சாமானுக்குக் கிடைப்பது 11, 12 கிலோ. பெட்டியின் நான்கு பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், சேதமானால் சான்றாக உதவும்.

வெள்ளி காலை: கவுன்ட்டர்

கவுன்ட்டரில் கேட்கும்வரை காத்திருக்காமல், இது மோட்டார் உள்ள பெட்டி என்பதைப் பயணியே சொல்லிவிட வேண்டும். காலியான பேட்டரி அறையைத் திறந்து காட்டி, கையிலிருக்கும் பேட்டரியையும் எழுத்து அனுமதியையும் நீட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். சொல்லாமல் விட்டால், பின்னால் ஸ்கேனரில் மோட்டாரும் கம்பிகளும் தெரிந்து, பெட்டியைத் திறந்துகாட்டப் பயணியை அழைக்கக்கூடும்.

ஸ்கூட் போன்ற நிறுவனத்தின் 10 கிலோ வரம்புக்குள் இலகுவான மாதிரியைக் கைப்பெட்டியாக எடுத்துப்போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மேல்தட்டில் இடமில்லை என்று வாசலில் பெட்டியை வாங்கிச் சரக்கறையில் போட்டால், அந்த நொடியே பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளி பகல்: விமானத்துக்குள்

பேட்டரி ஏன் பயணியுடனே இருக்க வேண்டும்? லித்தியம் அயனி செல் ஒன்று பழுதாகிச் சூடேறினால் அந்த வெப்பம் பக்கத்துச் செல்லையும் பற்றவைக்கும். சரக்கறையில் உள்ள ஹாலான் வாயு சுடரை அடக்கும். செல்லுக்குள் ஏறும் வெப்பத்தை நிறுத்தாது. இருக்கைகளுக்கு நடுவே புகை வந்தால் பணிப்பெண்கள் உடனே பார்த்து, தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க முடியும்.

இந்தப் பாடம் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 2010 செப்டம்பர் 3 அன்று லித்தியம் பேட்டரிகளை ஏற்றிச் சென்ற யுபிஎஸ் சரக்கு விமானம் தீப்பிடித்துத் துபாயில் விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தனர். 2025 ஜனவரி 28 அன்று பூசான் கிம்ஹே நிலையத்தில் ஏர் பூசான் என்ற மலிவுக் கட்டண நிறுவனத்தின் விமானம் புறப்படுமுன் எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினர். மேல்தட்டிலிருந்த ஒரு பவர் பேங்கே காரணமாக இருக்கலாம் என்று முதற்கட்ட விசாரணை தெரிவித்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஸ்கூட் விமானங்களில் பவர் பேங்கால் சார்ஜ் செய்யத் தடை வந்தது. சூட்கேஸ் பேட்டரியிலும் செல்பேசிக்கு மின்சாரம் தரும் துளை இருப்பதுண்டு; அதையும் பவர் பேங்காகவே கருதி, பறக்கும்போது தொடாமல், கண்ணில் படும்படி முன்னிருக்கைக்கு அடியில் வைப்பது உடன்பயணிகளுக்குச் செய்யும் கடமை.

வெள்ளி இரவு: ஒசாகா

கன்வேயரிலிருந்து எடுத்த பெட்டியை அங்கேயே சுற்றிப் பார்க்க வேண்டும். கைப்பிடி வளைந்திருந்தாலோ சக்கரம் உடைந்திருந்தாலோ வெளியேறுமுன் புகார்ப் படிவம் வாங்க வேண்டும். மொன்ட்ரியால் உடன்படிக்கைப்படி சேதப் புகாரை 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பேட்டரியைத் திரும்பப் பொருத்தியதும் ஓட்டத் தோன்றும். ஜப்பானில் அது சட்டச் சிக்கல். ஓட்டும் சூட்கேஸ் அங்கே மோட்டார் பொருத்திய மிதிவண்டி வகையில் சேர்கிறது. சாலையில் ஓட்ட உரிமம், எண் பலகை, காப்பீடு, தலைக்கவசம் எல்லாம் வேண்டும். ஒசாகாவில் நடைபாதையில் ஓட்டிய வெளிநாட்டு மாணவி ஒருவர்மீதான வழக்கு 2024இல் அரசு வழக்கறிஞர்களிடம் சென்றது. கட்டடத்துக்குள் ஓட்ட வேண்டாம் என்று கன்சாய், சூபு விமான நிலையங்கள் பயணிகளைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கே இது இழுத்துச் செல்ல வேண்டிய பெட்டி மட்டுமே.

ஞாயிறு: திரும்பும் வழி

திரும்பும்போதும் இதே வரிசைதான்: பேட்டரியைக் கழற்று, முனையை மூடு, கையில் வை, கவுன்ட்டரில் சொல். திரும்பும் விமானம் வேறு நிறுவனத்துடையது என்றால் அதன் விதியைப் புதிதாகப் படிக்க வேண்டும்; போகும்போது கிடைத்த அனுமதி வரும்போது செல்லாது. செக்-இன் கட்டணத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகும், ஓட்ட அனுமதியுள்ள இடத்துக்குத்தான் போகிறோம் என்றால் இந்தப் பெட்டி பயன்படும். ஓட்ட முடியாத ஊருக்கு அதே 9 கிலோவைச் சாதாரணப் பெட்டியில் துணியாகக் கொண்டுபோவதே மேல்.