பதிவேட்டின் ஓரத்தில்

நவம்பர் மாதம் நெருங்கும்போது எங்கள் இல்லத்தில் ஒரு பணி தவறாது நடைபெறும். கல்லறைத் திருநாள் திருப்பலியில் வாசிப்பதற்காக, இறந்த முன்னோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பங்குத்தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும். தந்தையார் சொல்லச் சொல்ல, பிள்ளைகளாகிய நாங்கள் எழுதுவோம். மயிலத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் பிறந்த நான்கு தலைமுறையினரும் அத்தாளில் வரிசையாக வந்துவிடுவர். ஒருவர் மட்டும் வருவதில்லை. எங்கள் பாட்டனாரின் தமையனார் அவர். "அவர் பேரை எழுதாதீங்கப்பா. ஆயா எழுத விட்டதில்லை" என்று தந்தையார் ஆண்டுதோறும் தடுத்துவிடுவார்.

ஆயா என்று அவர் குறிப்பிட்டது தம் பாட்டியை, எங்கள் கொள்ளுப்பாட்டியை. அவருக்கு மூன்று புதல்வர். மூத்தவர் 1927-ல் கங்காணி ஒருவருடன் மயிலம் நிலையத்தில் ரயில் ஏறி, கப்பல் வழியே மலாயா நாட்டு ரப்பர்த் தோட்டத்திற்குச் சென்றார். நடுவர், எங்கள் பாட்டனார், காணி நிலத்தைக் காத்து ஊரிலேயே இருந்தார். இளையவர் பட்டாளத்தில் சேர்ந்தார். இளையவர் பர்மாவில் மடிந்த செய்தி தந்தியாக வந்தது. பின்னர் அவருடைய ஓய்வூதியமும் தாய்க்கு வந்தது. மூத்தவரைக் குறித்து எதுவும் வரவில்லை. போர் முடிந்து மலாயாவிலிருந்து திரும்பிய பக்கத்து ஊரார் ஒருவர், "சயாமுக்கு ரயில் போட இழுத்துப் போனாங்க, அப்புறம் பார்க்கலை" என்று சொன்னதே கடைசிச் செய்தி. பார்க்கவில்லை என்பது இறந்தான் என்றாகாது என்பது கொள்ளுப்பாட்டியின் வாதம். 1961-ல் கண்மூடும் வரை அவர் தம் மூத்த மகனை உயிருள்ளோர் வரிசையில் வைத்தே செபமாலை சொன்னார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இருவரையும் ஆவணங்களில் தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். இளையவரைத் தேடப் பத்து நிமிடங்களே தேவைப்பட்டன. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் தன் பெயர்ப் பதிவுகளைக் கணினி வழியே எவரும் காணுமாறு வைத்துள்ளது. திண்டிவனத்தில் ஒரு கணினியின் முன் அமர்ந்து பெயரைத் தட்டினோம். படையெண், படைப்பிரிவு, மரித்த நாள், பெற்றோர் பெயர், ஊர், தென்னார்க்காடு மாவட்டம் என அனைத்தும் வந்து நின்றன. ரங்கூனுக்கு அருகே தௌக்கியான் என்னுமிடத்தில், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட தூண்களில் அவர் பெயரும் உண்டு. எழுத்துக்கூட்டில் ஒரு பிழை இருந்தது. அதனால் என்ன, அவர் தம் தாயின் பெயரோடு அங்கே இருக்கிறார். (படைவீரர் எல்லாரும் இவ்வாறு மதிக்கப்பட்டனர் என்று எண்ணிவிடலாகாது. முதல் உலகப் போருக்காகப் பஸ்ராவில் எழுப்பிய நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே பொறிக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையாக நின்றனர்.)

மூத்தவரின் பெயரையும் தட்டினோம். இல்லை. இருக்கவும் இயலாது என்பது பின்னரே விளங்கிற்று.

சிங்கப்பூர் 1942 பெப்ரவரி 15-ல் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாப் போர்முனைக்குத் தளவாடங்கள் அனுப்பும் பொருட்டு, சயாமின் பான் போங் முதல் பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதையைக் காட்டையும் மலையையும் குடைந்து 1943 அக்டோபரில் ஜப்பானியர் முடித்தனர். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கைதிகளை விடப் பன்மடங்கு மிகுதியாக ஆசியத் தொழிலாளர் இருந்தனர். மலாயாத் தோட்டங்களின் தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். முதலில் நல்ல கூலி, சில மாத வேலை என்றனர். ஆள் சேராதபோது பிடித்துச் சென்றனர். இலவசத் திரைப்படம் என்று அழைத்துக் கொட்டகைக் கதவை அடைத்து ஏற்றிச் சென்றதாகத் தப்பியோர் கூறியுள்ளனர். சரக்கு வண்டியில் பயணம், பின்னர் காட்டு வழியே நடை, ஒழுகும் மூங்கில் கொட்டகை. 1943-ன் மழைக்காலத்தில் காலரா பரவியது. கைதிகளுக்காவது அவர்களோடு சிறைப்பட்ட படை மருத்துவர்கள் இருந்தனர். தொழிலாளருக்கு அதுவும் அரிதாயிருந்தது. அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்பது மதிப்பீடே, எண்ணியவர் எவருமில்லை. காஞ்சனபுரியில் இன்று ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர்ப்பலகையோடு, புல்வெளியோடு, ஒழுங்காக உள்ளன. தொழிலாளர் பெருங்குழிகளிலும் ஆற்றங்கரைகளிலும் போயினர். சீருடை அணிந்த தம்பிக்குத் தூண் உண்டு. மண்வெட்டி ஏந்திய அண்ணனுக்கு ஒரு வரியும் இல்லை.

இனி வழியில்லை என்று விட்டுவிட இருந்தோம். ஞானஸ்நான நாளையாவது குறித்து வைப்போம் என்று எங்கள் தாய்ப் பங்கின் பழைய பதிவேட்டைக் காணப் பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டோம். மை அரித்த தாள்கள், பிரெஞ்சுக் குருக்களின் சாய்ந்த கையெழுத்து, லத்தீன் வாசகம். 1877-ன் பக்கங்கள் நெருக்கமாய் எழுதப்பட்டிருந்தன. பெரும்பஞ்சத்தின் ஆண்டு அது. ஒரே நாளில் பலருக்கு ஞானஸ்நானம். பல வரிகளின் இறுதியில் 'இன் ஆர்த்திக்குலோ மோர்த்திஸ்', அதாவது மரணத் தறுவாயில், என்ற குறிப்பு. கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று எம் மக்களை ஏளனம் செய்வதுண்டு. எம் குடும்பமும் அப்பக்கங்களில்தான் தொடங்குகிறது. அதை மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மத்தேயு நற்செய்தியின் தலைமுறைப் பட்டியல் வாசிக்கப்படும் நாளில் எங்களுக்குக் கொட்டாவி வருவது வழக்கம். அன்று வரவில்லை.

மூத்தவரின் பெயர் 1908-ன் பக்கமொன்றில் கிடைத்தது. அந்தப் பக்கத்திலேயே நான்கு அந்தோணிகள் இருந்ததால், தாய் தந்தை பெயரையும் ஞானப்பெற்றோர் பெயரையும் ஒப்பிட்டே உறுதி செய்தோம். அவ்வரிக்கு நேராக, ஓரத்தில், வேறொரு மையில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பங்குத்தந்தை அதைப் படித்துச் சொன்னார்: 1934-ல் மலாயாவில், சிலாங்கூர் நாட்டு ஆலயமொன்றில் திருமணம் புரிந்தார், மணமகள் பெயர் இன்னது.

திருமணம் எங்கு நடந்தாலும், அதனை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து அங்குள்ள ஏட்டில் குறிக்க வேண்டும் என்பது 1908-ல் நடைமுறைக்கு வந்த 'நே தெமெரே' ஆணையும் பின்னர் 1917-ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் விதித்த ஒழுங்கு. இருமணத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். புதுவை மிஷனையும் மலாயா மிஷனையும் அன்று நடத்தியோர் ஒரே பாரிஸ் வேதபோதக சபையினர். அக்குருக்களுள் ஒருவர் அங்கிருந்து கடிதம் எழுத, மற்றொருவர் இங்கே ஏட்டைப் புரட்டி அந்தப் பொடி எழுத்தை எழுதியிருக்கிறார். வீட்டாருக்கு எவரும் சொல்லவில்லை போலும். கொள்ளுப்பாட்டி தம் மகன் மணமானவன் என்பதை அறியாமலே இறந்தார்.

பங்குத்தந்தையின் உதவியால் அந்த ஆலயத்திற்கு எழுதினோம். எட்டு மாதம் கழித்து மறுமொழி வந்தது. அத்தம்பதியருக்கு இரு பிள்ளைகள். 1936-ல் ஒரு மகன், 1939-ல் ஒரு மகள். இருவருக்கும் அங்கேயே ஞானஸ்நானம். தந்தையின் மரணம் குறித்து எந்த ஏட்டிலும் குறிப்பில்லை. மகனின் பெயருக்கு எதிரே ஓரம் வெறுமையாக இருந்தது. மகளின் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு: 1959-ல் திருமணம்.

கடிதத்தைத் தந்தையாருக்கு வாசித்துக் காட்டினோம். எண்பது வயதைக் கடந்தவர். செவி சற்று மந்தம். மகளின் பெயரை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அது கொள்ளுப்பாட்டியின் பெயர்.

நெடுநேரம் பேசாதிருந்தார். 1959-ல் ஆயா உயிரோடிருந்தார் என்பதை அவரும் எண்ணியிருக்கக் கூடும், நாங்கள் எண்ணினோம். அம்மகளை மேலும் தேடவேண்டும் என்றோம். "தேடுங்க. இருந்தா எனக்குத் தங்கச்சி ஆவணும்" என்றார்.

அந்த ஆண்டு நவம்பரில் தாளைக் கொண்டுவந்து அமர்ந்தபோது, இளையவரின் பெயருக்கு மேலே சிறிது இடம் விடச் சொன்னார். பின்னர் எழுதுகோலைத் தாமே வாங்கி, நடுங்கும் கையால் தம் பெரியப்பாவின் பெயரை எழுதினார். இறந்த ஆண்டிற்குரிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டார்.