இருக்கைக்கு அடியில்

நான் விற்ற புல்வெட்டும் வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு துண்டு ஒயர் இருந்தது. அதைச் செருகியவன் நான். வாங்க வந்தவரிடம் அதைச் சொல்லாமல் மறைத்தவனும் நான். மறந்துபோய்விட்டது என்று பிறகு மனைவியிடம் சொன்னேன். அதுவும் பொய்.

வட கரோலினாவில் ராலே நகருக்கு வெளியே, ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் அப்போது குடியிருந்தோம். வீடு போக மீதியெல்லாம் புல். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு வாரம் விட்டால் கணுக்காலை மூடிவிடும். கையால் தள்ளும் மெஷின் அதற்குச் சரிப்பட்டு வராது என்று உட்கார்ந்து ஓட்டும் வண்டி வாங்கினேன்.

வாங்கிய நாளிலிருந்து அதை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவேன். பிளேடைக் கழற்றி அரம் போடுவதற்கு முன்னால் ஸ்பார்க் பிளக்கின் ஒயரை உருவி ஓரமாகக் கட்டிவைப்பேன். அங்கே பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுக்க டேங்கில் கிடந்தால் பெட்ரோல் கெட்டு கார்பரேட்டரில் பிசின் படியும். அதனால் வண்டியை ஓரங்கட்டும் முன் ஸ்டெபிலைசர் ஊற்றிச் சற்று நேரம் ஓடவிடுவேன். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறதா, முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் பார், பிறகு சோலனாய்டைப் பார் என்று பக்கத்து வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்த தப்பு அல்ல என்பதற்காகவே இதையெல்லாம் சொல்கிறேன்.

ஒரு கோடையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நிற்க ஆரம்பித்தது. முதலில் பெட்ரோல் கோளாறு என்று நினைத்து ஃபில்டரை மாற்றினேன், கார்பரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினேன். பயனில்லை. பெட்ரோல் வராமல் நிற்கும் இன்ஜின் திணறும், இருமும், பிறகுதான் அடங்கும். இது சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே வெட்டில் நின்றது. அப்படியென்றால் கோளாறு மின்சாரத்தில். எங்கே நிற்கிறது என்று கவனித்தேன். பின்பக்கம் பைன் மரத்தின் வேர்கள் மண்ணுக்கு மேலே புடைத்திருக்கும். அந்த மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போது என் உடம்பு இருக்கையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பும். அந்த நொடியில் நின்றது.

இந்த வண்டிகளின் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்திருப்பதை அதுதான் வண்டிக்குச் சொல்கிறது. பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆள் எழுந்தால் இன்ஜின் அணைந்துவிடும். பிளேடு முனையின் வேகத்துக்கு அமெரிக்கத் தர விதி வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்குக் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். தவறி விழுந்தவன் காலைக் காப்பாற்ற அந்தச் சிறிய சுவிட்சைத் தவிர வேறெதுவும் இல்லை.

இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். சுவிட்சின் கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. புதுச் சுவிட்ச் 20 டாலருக்குள் முடிந்திருக்கும். ஆனால் கடைக்குப் போகவேண்டும், அன்று ஞாயிற்றுக்கிழமை, பாதிப் புல் வெட்டாமல் கிடந்தது. கனெக்டரை உருவி, ஒயரில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு முனைகளையும் இணைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றினேன். அதன்பிறகு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருப்பதாகவே வண்டி நம்பியது. எங்கள் ஊரில் ஃபியூஸ் போனால் அப்பா தடிமனான செம்புக்கம்பியைச் சுற்றிவிடுவார், லைட் எரியும், வீடே நிம்மதியாகும். அந்தப் பழக்கம் என் கையில் இருந்தது. ஆனால் பழியை அவர்மேல் போடமாட்டேன். இந்த மெஷினை அவர் பார்த்ததே இல்லை. நான் கையேட்டைப் படித்தவன்.

அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். மாற்றவில்லை. வண்டி நிற்காமல் ஓடியது, அந்தச் சௌகரியம் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் வழியில் கிளை விழுந்து கிடந்தது. பிரேக் போட்டுவிட்டு, பிளேடை நிறுத்தாமலே இறங்கிக் குனிந்தேன். ஏதோ கேட்பதற்காக என் மகள் பின்னாலிருந்து ஓடிவந்தாள். வெட்டிய புல்லை வெளியே தள்ளும் டெக்கின் வாய் அவள் வந்த பக்கம் திறந்திருந்தது. கத்தினேன். பயந்து நின்றுவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமாவது அந்த ஒயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். குழந்தையைத் திட்டினேன், ஒயரை விட்டுவிட்டேன். என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது இதுதான்.

பிறகு, புல் இல்லாத அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். வண்டியை விற்க விளம்பரம் கொடுத்தேன். இளம் வயதுக்காரர் ஒருவர் டிரெய்லரோடு வந்தார். கூடவே நான்கைந்து வயதுப் பையன். அப்பா டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பையன் இருக்கையில் ஏறி ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினான். "ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று அவர் கேட்டார். பதில் என் வாய்வரை வந்தது. சொன்னால் விலை குறையும், இல்லையென்றால் இதைச் சரிசெய்து கொடுங்கள் என்பார், எல்லாவற்றையும்விட இப்படிச் செய்பவனா நீ என்று பார்ப்பார். "ஒன்றுமில்லை, ஆயில் இந்த மாதம்தான் மாற்றினேன்" என்றேன். ஆயில் மாற்றியது உண்மைதான். அந்த உண்மையை வைத்து மற்றதை மூடினேன். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இந்த வண்டியை ஓட்டக்கூடாது, 6 வயதுக்குக் குறைந்தவர்களைப் புல் வெட்டும்போது வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தேன்.

அவருடைய எண் வெகுநாள் என் போனில் இருந்தது. செய்தி எழுதினேன், அனுப்பாமல் அழித்தேன். எழுதுவதும் அழிப்பதுமாகக் குளிர்காலம் போய்விட்டது. கடைசியில் துணிந்து கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. இப்போது அந்த வண்டி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது என்று நம்புவதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

பழைய வண்டி வாங்கியவர்கள் தயவுசெய்து இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, சமதரையில் வண்டியில் உட்காருங்கள். பிரேக்கை மிதிக்காமல் சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட் ஆகக்கூடாது. பிறகு முறைப்படி ஸ்டார்ட் செய்து, பிளேடை ஓடவிட்டு, இறங்காமல், கால்களை மிதிபலகையிலேயே வைத்துக்கொண்டு இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்புங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையவில்லை என்றால் நீங்களே அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். புதுச் சுவிட்ச் மாட்டும்வரை அந்த வண்டியால் புல் வெட்டாதீர்கள்.