சுவர் காயவில்லை

பாடக்குறிப்புகளுக்கு இடையே இன்று ஒரு சுவரின் கதையை எழுதுகிறேன்.

ஈப்போவில் எங்கள் வீடு, வரிசையின் கடைசி வீடு. பக்கச்சுவர் முழுவதும் மழையிலும் வெயிலிலும் நிற்கும். கூரை விளிம்பிலிருந்து கறுப்புக் கோடுகளாகப் பாசி இறங்கியிருந்தது. 2022-ஆம் ஆண்டில் தீபாவளி அக்டோபர் 24-இல் வந்தது. எனக்கு ஓய்வு கிடைத்ததோ அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான். மேற்குக் கரை மாநிலங்களில் அக்டோபரும் நவம்பரும் மழை மிகுந்த மாதங்கள். மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும் நானே அதை எண்ணிப் பார்க்கவில்லை.

நீர்பீச்சி இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சுவரின் அருகே பிடித்து அடித்தேன். பாசி அகன்றது. மயிரிழை விரிசல்களுக்குள் தண்ணீரும் புகுந்தது. மூன்றாம் நாளே விரிசல்களை அடைத்து, நீர் புகாப் பூச்சும் அதன்மேல் சாயமும் பூசத் தொடங்கினேன்.

அஞ்சடியில் அமர்ந்திருந்த அம்மா, "சுவரு இன்னும் காயலையேய்யா, நாலு நாளு வெயில் பாத்துட்டு அடியேன்" என்றார்.

"இது உங்கள் காலத்துச் சுண்ணாம்பு இல்லையம்மா" என்றேன். அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது.

அம்மா தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்தவர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். இறுகிய பின்னும் சுவரின் ஈரத்தை வெளியேற விடும். நான் பூசியதோ ரப்பர் போன்ற கனத்த படலம். வெளியிலிருந்து நீரைத் தடுப்பது போலவே உள்ளே சிக்கிய நீரையும் அது தடுத்துவிட்டது.

தைப்பூசம் வருவதற்குள் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. வெளியேற வழியற்ற ஈரம் உட்புறம் திரும்பியது. அச்சுவரை ஒட்டியதுதான் அம்மாவின் அறை. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது; மூலையில் பூசணம் படர்ந்தது. அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. "அறையில் ஈரம் உண்டா?" என்று மருத்துவர் கேட்ட பிறகே உள்ளே சென்று பார்த்தேன். அம்மா கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் போட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2023 ஜூன் மாதம், மழை குறைந்த நாள்களில், வேலையை மீண்டும் தொடங்கினேன். இம்முறை முதலில் ஏணி வைத்துக் கூரைத் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். மாவிலைகள் அடைத்திருந்தன, மழை பெய்யும் போதெல்லாம் நீர் சுவரில் வழிந்திருக்கிறது. எத்தனை பூச்சு பூசினாலும் இது நின்றிருக்காது.

கொப்புளச் சாயத்தைச் சுரண்டினேன். பாசிக்கு, ஒரு பங்கு குளோரோக்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால்மணி நேரம் கழித்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவினேன். (பெற்றோர் கவனத்திற்கு: இதனுடன் கழிவறை கழுவும் அமிலத்தைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு எழும்.) விரிசல்களை அகலக் கீறிச் சிமெண்டுக் கலவையால் அடைத்து, நான்கு வாரங்கள் விட்டுவிட்டேன். அண்டை வீட்டார் விசாரிக்கும் அளவிற்குச் சுவர் அலங்கோலமாக நின்றது.

பிறகு ஒரு முழச் சதுர நெகிழித் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் வைத்தேன். முதல் முறை தாளின் உட்புறம் வியர்த்திருந்தது. மேலும் ஒரு வாரம் காத்திருந்தேன். மறுமுறை தாள் உலர்ந்திருந்தது. அதன் பின்னரே, ஈரத்தை வெளியேற விடும் வகைச் சாயமாகக் கேட்டு வாங்கிப் பூசினேன்.

அம்மா வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். கட்டிலை உடனே நகர்த்தலாமா என்று கேட்டேன். "மழை வரட்டும்" என்றார். அக்டோபர் மழை கொட்டித் தீர்த்து, அறைச்சுவரைத் தடவிப் பார்த்த பிறகுதான் நகர்த்தச் சொன்னார்.